வெடிக்காது என்று எழுதிக் கொடுத்தவர்

கிண்ணியாவிலிருந்து ஹனிபா நானாவின் அழைப்பு வந்தபோது நான் குசினியில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். "சேகர், ரீச்சர் மோசம் போயிட்டா" என்றார்.

"ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"ரீச்சரின்ர பெறாமகன்தான், தங்கச்சியாரின்ர மகன், எடுத்துச் சொன்னவர்."

"அவர் கண்ணால பார்த்தவரோ?"

 "இந்த முறை மெய்தான், தம்பி" என்றார் நானா.

அவர் "இந்த முறை" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. யோகேஸ்வரி ரீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தியை இந்த ஊருக்கு முதலில் சொன்னவன் நான். அது சண்டைக் காலம். அந்தச் செய்தி பொய். அன்று மாலையே அவர் தன்னுடைய செத்த வீட்டுக்குத் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அப்படி ஒருமுறை ஏமாந்தவனுக்கு இரண்டாவது தடவை இலேசில் நம்பிக்கை வருமா? ஓர்ஸ் ஹில் மேட்டில் அவருடைய வீட்டுக்குப் போய், முகத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

வாசலில் பெரிய பதாகை கட்டியிருந்தார்கள். ரீச்சரின் படத்துக்குக் கீழே, "அமைதியே உருவான எங்கள் ஆசிரியை" என்று அச்சடித்திருந்தது. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அச்சகத்துக்காரர் எல்லாருக்கும் போடுகிற வரியை ரீச்சருக்கும் போட்டுவிட்டார், அவர் மேல் குற்றமில்லை. ஆனால் ரீச்சரோடு வேலை செய்தவர்கள், அவரிடம் கணக்குப் படித்தவர்கள், அந்தப் பதாகைக்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவரை "சைலன்சர் ரீச்சர்" என்று பட்டம் வைத்துக் கூப்பிட்டவர்கள் நீங்கள்தானே. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிப் பெறாமகன் கேட்டார். அந்த ஒரு வரிக்கு மறுப்பு எழுதவே சம்மதித்தேன்.

எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியில் ரீச்சர் கணிதம் படிப்பித்தார். நான் மோட்டார்ப் பட்டறைக்குப் பொறுப்பு. அந்தக் காரை அவர் வாங்கிய கதை பலருக்குத் தெரியாது. துறைமுகத்தில் ஏதோ ஒப்பந்த வேலைக்கு வந்த வெளிநாட்டுப் பொறியியலாளர் ஒருவர், சண்டை முற்றியதும் அதை அரைவிலைக்கு விற்றுவிட்டு ஓடினார். சிவப்பு நிறம், இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, ஜப்பானில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். ஊரில் கார் வைத்திருந்தவர்கள் ரயரைக் கழற்றி ஒளித்து, யாரும் பறித்துக்கொண்டு போகாதபடி வண்டியைக் கல்லில் ஏற்றி வைத்திருந்த காலம் அது. "உங்களுக்கு என்ன விசரோ?" என்று ஆசிரியர் அறையில் கேட்டார்கள். "அவர் சண்டைக்குப் பயந்து வித்தவர். நான் சண்டைக்குள்ள இருந்துகொண்டு வாங்கினனான். ஆருக்கு விசர்?" என்று ரீச்சர் திருப்பிக் கேட்டார். 

வாங்கிய சில மாதங்களில் சைலன்சர் உக்கிப்போயிற்று. துறைமுகத்து உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது. இன்ஜினும் இருமியது, ஏனென்றால் அந்த நாட்களில் பெற்றோல் என்று போத்தலில் விற்றதில் பாதி மண்ணெண்ணெய். என்னிடம் வந்தபோது ரீச்சர் கையில் ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி இருந்தது. நான் பெரிய சைலன்சர்ப் பெட்டி ஒன்று பூட்டி, பூனை நடக்கிற மாதிரிச் சத்தமில்லாமல் ஆக்கித் தருகிறேன் என்றேன். சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போனால்தான் உயிர் தப்பலாம் என்பது அன்று ஊரில் எல்லாரும் சொன்ன புத்திமதி.

ரீச்சர் கொப்பியைத் திறந்து மேசையில் வைத்தார். "பெயரைப் பாருங்கோ, சைலன்சராம். ஊரில இருக்கிற எல்லாருக்கும் பூட்டி முடிஞ்சுது. காருக்கும் பூட்ட வேணுமோ?" என்றார். பிறகு தன் கணக்கை விளக்கினார். சத்தமில்லாத காரைத்தான் சென்றிச் சாவடியில் காவல் நிற்பவன் சந்தேகிப்பான். திருப்பத்தில் திடீரென்று தெரிகிற கார் யாருடையது என்று அவனுக்குத் தெரியாது, விரல் விசைக்குப் போகும். அரை மைலுக்கு அப்பாலேயே ஒரே மாதிரியான தடித்த உறுமல் கேட்டால், கணக்கு ரீச்சர் வருகிறா என்று அவனுக்குத் தெரிந்துவிடும். "ஆனா ஒண்டு, சேகர். உறுமலாம். வெடிக்கக் கூடாது."

இது இலேசான வேலை இல்லை. ஆக்சிலேற்றரிலிருந்து காலை எடுக்கும்போது எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய்ப் படார் என்று வெடிப்பது இப்படிப்பட்ட கார்களுக்குச் சாதாரணம். அமைதியான நாட்டில் இளைஞர்கள் அதைக் காசு கொடுத்துச் செய்விப்பார்களாம். எங்கள் ஊரில் சாவடிக்கு முன்னால் ஒரு "படார்" கேட்டால் அடுத்த சத்தம் துவக்கிலிருந்து வரும். ஆகவே ஊருக்கெல்லாம் கேட்கவும் வேண்டும், ஒருமுறைகூட வெடிக்கவும் கூடாது. அதுதான் ரீச்சர் எனக்குப் போட்ட கணக்கு.

மூன்று வாரம் திட்டம் போட்டோம். நாலு சிலிண்டருக்கும் நாலு தனிக் குழாய், அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து கடைசியில் ஒன்றாக வேண்டும். குழாயின் நீளத்தை ரீச்சர்தான் கணக்கிட்டார். ஸ்போர்ட்ஸ் காருக்கு வேகத்தில் இழுவை வேண்டும், குழாயைக் குட்டையாக வைப்போம் என்றேன். "எந்த ரோட்டில, சேகர்? நூறு யார் தூரத்துக்கு மறியலா ஒரு தார்ப் பீப்பாய் வைச்சிருக்கிறாங்கள். வளைஞ்சு வளைஞ்சு போய் ஓர்ஸ் ஹில் ஏத்தத்தில மெதுவா ஏற இழுவை இருந்தால் காணும்" என்று சொல்லிக் குழாயை நீட்டிவிட்டார். ஸ்போர்ட்ஸ் காரைப் பீப்பாய்களுக்கேற்ப ரியூன் பண்ணியவர்கள் உலகத்தில் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம். காபரேற்றரில் பெற்றோல் விடுகிற ஜெற் எந்த அளவு, தீப்பொறி விழுகிற ரைமிங் எத்தனை பாகை என்பதெல்லாம் அந்தக் கொப்பியில் அட்டவணையாக இருந்தன. மண்ணெண்ணெய் கலந்த நாளுக்கு ஒரு பத்தி, கலக்காத நாளுக்கு ஒரு பத்தி.

குழாய் வளைக்க எங்களிடம் வசதி இல்லை. கிண்ணியாவில் மீன்பிடி வள்ளங்களின் இன்ஜினுக்குப் புகைக்குழாய் செய்துகொண்டிருந்த ஹனிபா நானாவிடம் போனோம். குழாய்க்குள் மணல் நிரப்பி, சூடு காட்டி, ரீச்சரின் படத்தில் இருந்தபடி ஒரு நூல் பிசகாமல் வளைத்துத் தந்தார். செய்தது பெரிதில்லை, அதைக் கொண்டுவருவதுதான் பெரிது. அப்போது கிண்ணியாவுக்கும் எங்கள் ஊருக்கும் இடையில் பாலம் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டும், ஏறுகிற இடத்திலும் இறங்குகிற இடத்திலும் சோதனை. இரும்புக் குழாய் கண்டால் ஆமி விடாது. சாக்கில் சுற்றி விறகோடு கட்டுவோம் என்று நான் சொன்னேன். ரீச்சர் கேட்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிவிட்டுக் குழாயைத் தோளில் தூக்கி வைத்தார். "ஒளிச்சால் இது ஆயுதம். தோளில வைச்சால் சைலன்சர்."

துறையில் நின்ற சிப்பாய் குழாயின் ஓட்டைக்குள் கண்ணை வைத்துப் பார்த்தான். ரீச்சர் கொப்பியை விரித்துச் சிங்களத்தில் விளக்கத் தொடங்கினார். ஒலி அலை, அழுத்தம், நீளம் என்று விடாமல் சொல்லிக்கொண்டே போனார். பின்னால் வரிசை நீண்டது. அவன் இரண்டாவது பக்கம் புரட்டும்போதே கையைக் காட்டிப் போகச் சொல்லிவிட்டான். "பரவாயில்லை, கேட்டுக்கொண்டு நிண்டவன். எங்கட முதலாம் வருசக்காரர் இவ்வளவு நேரம் கேக்க மாட்டினம்" என்றார் ரீச்சர்.

பூட்டி முடித்த நாள் கல்லூரி விடுமுறைக்குள் வந்தது. நானாவைப் பட்டறையில் விட்டுவிட்டு ரீச்சரும் நானும் ஊருக்கு வெளியே சீனன்குடாப் பக்கம் ஓட்டிப் பார்க்கப் போனோம். போகும்போது அருமையாக உறுமியது. சந்திக்குக் கொஞ்சம் இப்பால் ரீச்சர் காலை எடுத்தார். படார். இன்னொரு முறை. படார், படார். சாவடி இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். காரைத் தேநீர்க் கடையோரம் நிறுத்தினோம். நான் கடையிலிருந்த ரெலிபோனில் கல்லூரிக் கந்தோருக்கு எடுத்தேன். லைன் கரகரத்தது. எழுதுவினைஞர் தருமலிங்கத்தாரிடம், "ரீச்சரின்ர கார் வெடிக்குது. சீனன்குடாச் சந்திக்குக் கிட்ட. நானாவைக் கெதியா அனுப்புங்கோ" என்று கத்தினேன். கார் பின்னால் வெடிக்கிறது என்பது எந்தப் பட்டறைக்காரனும் தினம் பத்துத் தடவை சொல்கிற வசனம். லைன் அறுந்துபோயிற்று.

தருமலிங்கத்தாருக்குக் கேட்டது "ரீச்சரின்ர கார் வெடிச்சிட்டுது" என்று. அவரைப் பிறகு ஊரே ஏசியது. பாவம் மனிதர். கார் என்றும் வெடி என்றும் ஒரே மூச்சில் கேட்டால் அந்த நாட்களில் யாருக்கும் வேறு அர்த்தம் வந்திருக்காது. பிழை என்னுடையது. எங்கள் ஊரில் வாய்க்குள் வைத்திருக்க வேண்டிய ஒரு சொல்லைக் கரகரக்கிற கம்பியில் அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் கடைகள் பூட்டப்பட்டன, வீதிகள் மறிக்கப்பட்டன. எங்களிடம் வரப் புறப்பட்ட நானாவை முதல் மறியலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, மெல்ல மெல்ல ஊர்ந்து திரும்பினோம். ஊர் வாசலில் சிப்பாய்கள் துவக்கை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். ஒரு மணித்தியாலம் காரைக் குடைந்தார்கள். குண்டு வெடித்து ஒரு ரீச்சர் செத்துவிட்டா, சிவப்புக் கார் என்று ஒருவன் சொன்னான். "அது நான்தான்" என்றார் ரீச்சர், சிங்களத்தில். அவன் ஓரடி பின்னால் போனான்.

ஓர்ஸ் ஹில்லில் அவருடைய வீட்டுப் படலை வாசலில் துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைக்கொடி பறந்தது. தங்கச்சியார் மயங்கிக் கிடந்தார். அயல் முழுவதும் முற்றத்தில். கார் உறுமிக்கொண்டு வளவுக்குள் நுழைந்ததும் ஒப்பாரி நின்றது. ரீச்சர் இறங்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வராதவர்கள் யார் என்று வகுப்பில் போல மனதுக்குள் இடாப்புக் கூப்பிட்டிருப்பார் என்று நினைக்கிறேன். "வந்தது வந்திட்டீங்கள், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். பிறகு தங்கச்சியாரின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் எங்கள் இருவரையும் முகாமுக்குக் கூப்பிட்டார்கள். பழையபடி பெட்டி சைலன்சர் பூட்ட வேண்டும், கார் இனிச் சத்தம் போடாது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் காரை முகாமிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றார் அதிகாரி. முகாமில் விட்ட கார் முழுசாகத் திரும்பியதை யாரும் கண்டதில்லை.  கையெழுத்துப் போடுங்கோ ரீச்சர் என்று முணுமுணுத்தேன். அவர் பேனையை எடுத்து, மூடியைத் திரும்பப் பூட்டி, மேசையில் வைத்தார்.

"நேற்று ஊர் பயந்தது சத்தத்துக்கு இல்லை, வெடிக்கு. வெடிக்காது எண்டு எழுதித் தாறன். சத்தம் போடாது எண்டு எழுத ஏலாது. சத்தம் போடுறது குற்றம் எண்டால் எந்தச் சட்டத்தில எண்டு காட்டுங்கோ."

அதை அதிகாரிக்கு மொழிபெயர்த்த சிப்பாய் பாதியில் தயங்கினான். மிச்சத்தை ரீச்சரே சிங்களத்தில் சொல்லி முடித்தார். அதிகாரி பேனையைத் திரும்ப அவர் பக்கம் தள்ளினார். சாவடிக்கு முன்னால் ஒருமுறை வெடித்தாலும் என்னுடைய ஆட்கள் கேட்டுவிட்டுச் சுடமாட்டார்கள், தெரியுமா என்றார். தெரியும் என்றார் ரீச்சர். ஒரு வாரத் தவணை கிடைத்தது. அதற்குள் ஓர்ஸ் ஹில் இறக்கத்துச் சாவடியை வெடிக்காமல் கடந்து காட்ட வேண்டும். ரீச்சர் தமிழில் ஒரே வரி எழுதினார்: "இந்த வாகனம் வெடிக்காது என்று உறுதியளிக்கிறேன்." கீழே கையெழுத்து. நாங்கள் எழும்பும்போது அதிகாரி, குதிரைவலு எவ்வளவு என்று கேட்டார். ரீச்சர் சொன்ன எண்ணை அவர் நம்பவில்லை.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஓர் உயிர் நின்றது. குழாயின் வாயை ஈரத்துணியால் அடைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு பொருத்திலும் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்தோம். நானா வளைத்த இடமெல்லாம் சுத்தம். நாலு குழாயும் சேருகிற இடத்தில், நான் வைத்த வெல்டிங்கில், சின்னஞ்சிறு குமிழி ஒன்று வந்தது. அந்த ஊசித் துளையால் காற்று உள்ளே போய்த்தான் வெடித்திருக்கிறது. எனக்கு நிலத்துக்குள் புதைந்துபோகலாம் போலிருந்தது. முதலில் அவரைச் செத்தவராக்கிய சொல் என்னுடையது, இப்போது துளையும் என்னுடையது. ரீச்சர் குமிழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கணக்குப் பிழைச்சால் அழிச்சுப்போட்டுத் திரும்பச் செய்யிறது. அதுக்கேன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறீங்கள்?" என்றார். வெட்டி எறிந்துவிட்டுத் திரும்ப வைத்தேன். பொருத்துக்கு நடுவில் இறுக்கி வைக்க நானா செப்புத் தகட்டில் காஸ்கெற் வெட்டித் தந்தார். ஜெற்றைப் பெரிதாக்கினோம், ரைமிங்கை இரண்டு பாகை முன்னே தள்ளினோம். குமிழி வரவில்லை.

தவணையின் கடைசி நாள் காலை. நானும் கூட வருகிறேன் என்று மற்றக் கதவைத் திறந்து ஏறினேன். "இறங்குங்கோ. கையெழுத்துப் போட்டது நான்" என்றார். நானும் நானாவும் வீட்டுப் படலையில் நின்றோம். இறக்கத்தின் அடியில் சாவடி, மணல் மூட்டைக்குப் பின்னால் இரண்டு பேர். கார் உறுமிக்கொண்டு கீழே போனது. மரங்களிலிருந்த காகங்கள் எழும்பின. இறக்கத்தில் கட்டாயம் காலை எடுக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அந்த வளைவு. உறுமல் தணிந்தது. நானா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஓதினார். நான் என் வெல்டிங்கை மட்டும் நினைத்தேன். தடித்த குரல் மெல்ல மெல்ல இறங்கி, பீப்பாய்க்கு முன்னால் நின்று, ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருந்தது. தடை உயர்ந்தது. அவர் போகும்போது வேண்டுமென்றே ஒருமுறை ஆக்சிலேற்றரை அழுத்தி உறுமவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். சாவடியில் ஆட்கள் மாறினார்கள், போகிறவன் வருகிறவனுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான். பஸ்ஸில் வரலாமே என்று அதிபர் இரண்டு தடவை கேட்டுப் பார்த்து விட்டுவிட்டார். ஊரடங்கின் மறுநாட்களில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நாங்கள், காலையில் அந்த உறுமல் கேட்டால், ரீச்சர் போறா, இண்டைக்குக் கல்லூரி இருக்கு என்று சொல்லிக்கொண்டு சேட்டுப் பொத்தானைப் பூட்டினோம். எனக்கு அது பெரிய தைரியம். அவரிடம் அதை ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இந்த மனிதருக்குத்தான் "அமைதியே உருவான" என்று எழுத விட்டீர்கள்.

கண் மங்கிய பிறகு ரீச்சர் காரின் சாவியை என்னிடம் தந்திருந்தார். இறுதி ஊர்வலத்துக்குக் காரை எடுக்கப் போனபோது, கனடாவிலிருந்து வந்த பெறாமகன், "அங்கிள், அமைதியாச் செய்வமே" என்றார். நல்ல பிள்ளை, அவருக்குத் தெரியாது. "ஏலாது, தம்பி" என்று மட்டும் சொன்னேன். நானா பக்கத்தில் ஏறினார். பூதவுடல் சென்ற வாகனத்துக்குப் பின்னால் அதே இறக்கத்தில் போனோம். சாவடி இருந்த இடத்தில் இப்போது ஐஸ்கிரீம் விற்கிற குளிர்களிக் கடை. வளைவில் காலை எடுத்தேன். நானா கண்ணை மூடிக்கொண்டார். அது உறுமிக்கொண்டே இறங்கியது, வெடிக்கவில்லை. வீதியோரம் நின்ற வயதானவர்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். யாருடைய கார் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரீச்சரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த உறுதிக் கடிதத்தின் காபன் பிரதி. முகாமில் எழுதும்போதே அவர் கீழே காபன் தாள் வைத்துப் பிரதி எடுத்தார், கணக்கு ரீச்சர் அல்லவா. அதில் எத்தனை வருடத்துக்கு என்று எழுதவில்லை. கையெழுத்திட்டவர் போய்விட்டார். எழுதிக் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது, அதைச் சுமந்துகொண்டிருப்பது என் வெல்டிங். ஆகவே மாதத்துக்கு ஒருமுறை குழாயின் வாயை அடைத்து, இன்ஜினை ஓடவிட்டு, பொருத்தில் சவர்க்காரத் தண்ணீர் பூசுகிறேன். நேற்றும் பூசிப் பார்த்தேன். குமிழி இல்லை, ரீச்சர்.